பூட்டும் திறவுகோலும்

சுவருக்கும் காதுண்டு என்பது நம் முன்னோர் வழக்கு. காதில்லாச் சுவர் கட்டித் தந்துள்ளோம் என்கின்றனர், இந்நாளில் கைத்தொலைபேசிச் செயலிகளை ஆக்கியோர். அக்கூற்று எத்துணை உண்மை?

சென்ற திங்கள் என் பழைய மாணவி ஒருத்தி கண்டியிலுள்ள என் இல்லத்திற்குக் கண்கலங்கி வந்தாள். தோழிக்குத் தனியே எழுதிய குடும்பத் துயரமொன்று, மூன்று நாளுள் அவள் வாழும் தோட்டம் முழுதும் பரவிவிட்டது. “பண்டிதர் ஐயா, பூட்டியிருக்கிறது என்றுதானே அதில் எழுதியிருக்கிறார்கள்? யார் திறந்தது?” என வினவினாள். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பூட்டு பொய்யன்று, அதனை முதலிற் கூறிவிடல் நேர்மை. 2016 ஏப்பிரலிலே வட்ஸ்அப் தன் உரையாடல்கள் அனைத்தையும் மறைகுறியாக்கியது. அனுப்புவோர் கருவியிலே சொற்கள் பொருளற்ற குறிகளாக மாறுகின்றன. பெறுவோர் கருவியிலுள்ள திறவுகோலே அவற்றை மீட்கின்றது. இடையே சுமந்து செல்லும் நிறுவனம், உறையிட்ட ஓலையைக் கொண்டேகும் தூதனையே ஒக்கும்.

ஆயினும், ஓலையைப் பிரியாத தூதனும் யார், யாருக்கு, எப்பொழுது அனுப்பினார் என்பதை அறிவானன்றோ? அவ்விவரம் வட்ஸ்அப்புக்குத் தெரியும். சிக்னல் என்னும் செயலியோ இதனையும் சுருக்கிக்கொண்டது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோது, கணக்குத் தொடங்கிய நாளையும் இறுதியாக இணைந்த நாளையும் தவிர அதனிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இனி, கருவியே களவாடப்பட்டால் பூட்டு என் செய்யும்? 2019இல் பெகாசஸ் என்னும் உளவு மென்பொருள், வட்ஸ்அப்பின் அழைப்பு வசதியிலிருந்த குறையொன்றின் வழியே ஏறத்தாழ 1,400 பேரின் கருவிகளைக் குறிவைத்தது. அது மறைகுறியை உடைக்கவில்லை. உடையவர் வாசிக்கும் இடத்திலேயே ஒளிந்திருந்து தானும் வாசித்தது. இணையத்திற் சேமிக்கும் படியும் அத்தகையதே. அதற்கும் பூட்டிடும் வசதி 2021இல் வந்ததாயினும், அதனை நாமே இயக்குதல் வேண்டும்.

கண்டி மண் இப்பாடத்தை முன்னரே கற்றது. மலையும் வனமும் அரணாய் நின்ற இவ்விராச்சியத்தின்மீது 1803இல் படையெடுத்துத் தோற்றனர் பிரித்தானியர். பின்னர் ஜோன் டொயிலி என்னும் அதிகாரி துறவியர், வணிகர் முதலியோர் வாயிலாக மலைநாட்டுச் செய்திகளைத் திரட்டினார். எகலப்பொல போன்ற பிரதானிகளும் அவரோடு மறைவிலே தொடர்பு கொண்டனர். 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. மலை பெயரவில்லை, மனிதர் வாய் திறந்தனர்.

இதே கண்டி மாவட்டத்தில், 2018 மார்ச்சில், திகன, தெல்தெனியப் பகுதிகளிலே முஸ்லிம் மக்கள்மீது வன்முறை மூண்டபோது, பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் வெறுப்புச் செய்திகள் பறந்தன. 7ஆந் திகதி அரசு அவற்றைத் தடுத்தது. தடை ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. ஓலையைப் பிரிக்க இயலாத அரசு வழியையே அடைத்தது எனலாம். தீயோரும் பூட்டின்பின் ஒளிவர் என்பது மெய். அதற்காக அரசிடம் ஒரு திறவுகோல் இருத்தல் வேண்டும் என்பாருமுளர். நல்லார் கையிலுள்ள திறவுகோல் நாளை யார் கைக்குச் செல்லும் என்பதற்கு உறுதி தருவார் யார்?

நம் அகப்பொருள் இலக்கணம் அம்பல், அலர் என இரண்டினைப் பிரித்துரைக்கும். சிலர் தம்முள் முணுமுணுப்பது அம்பல்; பலரறியப் பேசுவது அலர். முன்னாளில் அம்பல் அலராவதற்கு நாள் பல சென்றன. இன்றோ ஒரு விரல் தொடுகை போதும்.

என் மாணவிக்கு நேர்ந்ததும் அதுவே. தோழி திரையைப் படமாக்கி ஒரு குழுவுக்கு அனுப்பினாள். குழுவிலிருந்தோர் பிற குழுக்களுக்கு அனுப்பினர். ஒவ்வொரு படியிலும் பூட்டு தன் கடமையைச் செவ்வனே ஆற்றியது! இடையிலிருந்த அயலார் ஒருவரும் வாசிக்கவில்லை. வாசித்தோர் அனைவரும் வாசிக்குமாறு அனுப்பப்பட்டோரே.

“அப்படியானால் இனி ஒருவருக்கும் ஒன்றும் எழுதக் கூடாதா, ஐயா?” என்றாள்.

“எழுதாதே என்று நான் சொல்ல மாட்டேன், அம்மா. துயரைச் சொல்லாமலும் வாழ முடியாது. ஆனால், பூட்டைப் பார்த்து எழுதாதே, திறவுகோல் யார் கையில் இருக்கிறதென்று பார்த்து எழுது” என்றேன்.

அவள் சென்றபின் என் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். பிறர் என்னை நம்பி எழுதியவை எத்தனை! அவர்தம் இரகசியத்திற்கு இறுதிப் பூட்டு நானே என்பது அப்பொழுதுதான் உறைத்தது.