சொறி வந்த நாயைத் தெருவில் விடாதீர்கள்!

சண்டை வந்தால் "சொறி நாயே!" என்று ஏசுவார்கள். நாய்க்குச் சொறி வந்துவிட்டால் அதற்கு அவ்வளவுதான் மதிப்பு. நேற்று வரை குழந்தைகளோடு விளையாடிய நாயை, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு.

இது தேவை இல்லை. சொறி பெரும்பாலும் குணமாகக் கூடிய நோய்தான்.

ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று பெயர் பெற்ற நாய்கள் எல்லாம் நம் தென்பாண்டிச் சீமையைச் சேர்ந்தவை. 2005-ம் ஆண்டில் ராஜபாளையம் நாய்க்கு தபால் தலையே வெளியிட்டார்கள். ஆனால் உண்ணிக்குச் சாதி நாய், தெரு நாய் என்ற வித்தியாசம் கிடையாது.

உண்ணி

காதுக்குள், கழுத்தில், கால் விரல்களின் இடுக்கில் உண்ணி இருக்கும். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து எடுங்கள். விரலால் நசுக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் போட்டு விடுங்கள்.

நாயை மட்டும் கவனித்தால் போதாது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதுவும் நாயின் மேல் அல்ல. சுவர் வெடிப்பில், திண்ணை இடுக்கில் இடும். ஆகவே வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசி, வெயிலில் காயப் போடுங்கள்.

உண்ணி கடித்த நாய் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சொறி

சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி. இதில் இரண்டு வகை முக்கியம். ஒரு வகை தோலைத் துளைத்து உள்ளே போகும். காது ஓரத்திலும் முழங்கையிலும் தாங்க முடியாத அரிப்பு எடுக்கும். வீட்டில் உள்ளவர்களுக்கும் அரிக்கும். மற்றொரு வகை, தாயிடம் பால் குடிக்கும்போது குட்டிக்கு வருவது. கண்ணைச் சுற்றியும் காலிலும் முடி கொட்டும். இது மனிதருக்கு ஒட்டாது.

தோலைச் சுரண்டி பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தால்தான் எந்த வகை என்று தெரியும். மருந்தும் அதைப் பொறுத்ததே.

வட்ட வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். அது குழந்தைகளுக்கு ஒட்டும். குணமாகும் வரை நாயைக் கொஞ்ச விடாதீர்கள்.

மண்ணெண்ணெய் வேண்டாம்!

சிலர் சொறிக்கு மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். சிலர் பழைய மோட்டார் எண்ணெய் பூசுகிறார்கள். இரண்டும் ஆபத்து. தோல் புண்ணாகும். நாய் அதை நக்கினால் விஷம் வயிற்றுக்குள் போகும். மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தையும் அளவு தெரியாமல் போடக் கூடாது.

சிறு புண்ணானால், காய்ச்சி ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு சிறு கரண்டி உப்புப் போட்டுத் துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றி விடுங்கள். கண்மாயில் குளிப்பாட்டினாலும் நன்றாகத் துவட்டுங்கள். ஈரம் தங்கினால் புண் வளரும். புண்ணில் புழு தெரிந்தால் தாமதிக்காதீர்கள்.

மதுரையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் அரசாங்கக் கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆடு மாட்டுக்கு மட்டும் அல்ல, நாய்க்கும் அங்கே வைத்தியம் உண்டு.

இரவெல்லாம் விழித்து நம் வாசலைக் காக்கிறது நாய். அதற்கு நோய் வந்தால் ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகக் கூடாதா?