மாசம் 18,000 கட்டுறோம், ராத்திரி யார் பார்த்துக்குறாங்க? முதியோர் இல்லம் பற்றி நான் போட மறந்த கணக்கு

நம்ம சேனல்ல வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், வருமான வரின்னுதான் பேசுவோம். இன்னைக்கு ஒரு சிஏவா நானே கோட்டை விட்ட விஷயத்தைச் சொல்றேன்.

எங்க அம்மாச்சிக்கு 81 வயசு. சொந்த ஊர் குலசேகரம். வீட்டைச் சுத்தி ரப்பர் தோட்டம். மாமா வளைகுடாவுல, அம்மாவும் அப்பாவும் திருவனந்தபுரத்துல, நான் சென்னையில. நம்ம பக்கத்துல பாதி வீடு இப்படித்தான். அம்மாச்சி குளியலறையில விழுந்து இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன பிறகு தனியா இருக்க முடியல. வீட்டோட ஆள் போட்டுப் பார்த்தோம், ரெண்டு மாசத்துக்கு மேல யாரும் நிக்கல. கடைசியா, ஊர்ப் பக்கத்துலயே இருந்த ஒரு முதியோர் இல்லத்துல சேர்த்தோம். மாசம் 18,000 ரூபாய், டெபாசிட் 1 லட்சம்.

சேர்க்கும்போது நான்தான் முன்னாடி நின்னு பேசினேன். டெபாசிட் எப்போ திரும்பக் கிடைக்கும், வருஷத்துக்கு எவ்வளவு ஏத்துவீங்க, ரசீது தருவீங்களான்னு எல்லாத்தையும் எழுதி வாங்கினேன். டைல்ஸ் தரை, சிசிடிவி, முன்னாடி சின்னத் தோட்டம். திருப்தியா சென்னைக்கு பஸ் ஏறிட்டேன்.

நாலாவது மாசம் போன் வந்தது. அம்மாச்சிக்குக் காய்ச்சல், ஆளை அடையாளம் தெரியாமப் பேசுறாங்க. சிறுநீர்த் தொற்று. 6 நாள் ஆஸ்பத்திரி, 64,000 ரூபாய் பில். தெளிஞ்ச பிறகு டாக்டர், "இவங்க தண்ணியே குடிக்கிறது இல்லையா?"ன்னு கேட்டார். அம்மாச்சி என்னைப் பார்த்துச் சொன்னாங்க:

"ராத்திரி வெள்ளம் குடிச்சா ஒண்ணுக்கு வருமே மக்ளே. விளிச்சா யாரும் வரமாட்டாவ. அதான் சாயங்காலத்துக்கு மேல குடிக்கதில்ல."

இல்லத்துல யாரும் அடிக்கல, திட்டல, சாப்பாடும் மோசமில்ல. திரும்ப விழுந்துடுவோம்னு பயந்து, தண்ணி குடிக்கிறதையே நிறுத்திட்டாங்க. அவ்வளவுதான்.

நான் கேட்காத ஒரே கேள்வி

"ராத்திரி 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை எத்தனை பேர் டியூட்டியில இருப்பாங்க?"

அப்புறம்தான் கேட்டேன். 32 பேர் தங்குற இடம். ராத்திரிக்கு ஒரே ஒருத்தர். கேட்டைத் திறந்து மூடுறதும் அவர்தான்.

இப்போ கணக்குக்கு வருவோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருத்தர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்த்தா, 24 மணி நேரமும் ஒரு ஆள் இருக்கணும்னா 3.5 பேர் வேணும். லீவு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்தா 4 பேர். அதாவது "எப்பவும் ஒரு ஆள்"னு சொன்னா நாலு சம்பளம். முதியோர் இல்லத்துல பெரிய செலவே ஆள்தான். அதனால செலவைக் குறைக்கணும்னு நினைச்சா முதல்ல கை வைக்கிற இடமும் அதுதான். குறிப்பா ராத்திரி ஷிப்ட். நாம பார்க்கப் போறது பகல்ல மட்டும்தானே, நம்ம கண்ணுல படவே படாது.

சேர்க்கும் முன்னாடி இதைப் பாருங்க

1. ராத்திரி ஆள் கணக்கு: எத்தனை பேருக்கு எத்தனை பேர்னு கேளுங்க. முடிஞ்சா அந்த மாச டியூட்டி பட்டியலைக் காட்டச் சொல்லுங்க.

2. படுத்த படுக்கையா இருக்கிறவங்க: நம்ம ஆள் நடக்குறவங்களா இருந்தாலும், நடக்க முடியாதவங்களை எப்படி வெச்சிருக்காங்கன்னு பாருங்க. சுமார் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கலைன்னா படுக்கைப் புண் வரும். யாருக்காவது புண் இருக்கான்னு நேரடியாவே கேளுங்க. நாளைக்கு நம்ம ஆளும் அந்தக் கட்டில்ல படுக்கலாம்.

3. எழுதி வெச்ச பதிவு: மாத்திரை கொடுத்த நேரம், மாசாமாசம் உடம்பு எடை. எடை தொடர்ந்து குறையுதுன்னா ஏதோ சரியில்லை.

4. ஆஸ்பத்திரி: அவசரம்னா யார் கூடப் போவாங்க, வண்டிச் செலவு யாரோடது, எத்தனை மணி நேரத்துல நமக்குச் சொல்லுவாங்க? ஒப்பந்தத்துலயே எழுதி வாங்குங்க.

5. சொல்லாமப் போங்க: சாயங்காலம் 7 மணிக்கு ஒரு நாள், காலை 6 மணிக்கு ஒரு நாள். "முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் வரணும்"னு கண்டிப்பா இருக்குற இடம் வேண்டாம்.

கடைசி விஷயம் எவ்வளவு முக்கியம்னு 2023 பிப்ரவரியில தமிழ்நாடே பார்த்தது. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்துல சேர்த்த ஒரு முதியவரைப் பார்க்கப் போனா, ஆள் அங்கே இல்லை. பெங்களூருக்கு மாத்திட்டோம்னு பதில். அங்கேயும் இல்லை. உயர் நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போடப்பட்ட பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. 140-க்கும் மேற்பட்டவங்களை அங்கிருந்து மீட்டாங்க, வழக்கு சிபிசிஐடிக்குப் போச்சு. ஒரு குடும்பம் தேடிப் போனதாலதான் மத்தவங்க நிலைமையும் தெரிஞ்சது.

வரி விஷயத்துல மூணு குறிப்பு

முதியோர் இல்லக் கட்டணத்துக்குன்னு வருமான வரியில தனிக் கழிவு கிடையாது. பழைய வரி முறையில இருக்கீங்கன்னா, 60 வயசு தாண்டின பெற்றோருக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியம் 50,000 வரை கழிக்கலாம். பாலிசியே இல்லைன்னா மருத்துவச் செலவை அதே வரம்புக்குள்ள காட்டலாம், ஆனா பணமா கொடுத்திருக்கக் கூடாது. புது வரி முறையில இது ரெண்டும் இல்லை.

ஜிஎஸ்டி: அரசோ, வருமான வரிச் சட்டப்படி பதிவு பெற்ற அறக்கட்டளையோ நடத்துற இல்லத்துல, தங்கும் இடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒருத்தருக்கு மாசம் 25,000 வரைன்னா வரி விலக்கு உண்டு. தனியார் நிறுவனம்னா, சொல்ற தொகை வரியோட சேர்த்தா தனியான்னு முதல்லயே கேளுங்க.

மூணாவது, எதிர்காலக் கணக்கு. இன்னைக்கு 19,000 ஆகுற செலவு, வருஷம் 8% ஏறுதுன்னு வெச்சா, 15 வருஷத்துல சுமார் 60,000. அப்பா அம்மாவுக்கு இப்போ 60 வயசுன்னா, இது உங்க கோல்ஸ் பட்டியல்ல இருக்கணும்.

புகார் எங்கே?

முதியோர் உதவி எண் 14567. மாவட்ட சமூக நல அலுவலகத்துல மனு கொடுக்கலாம், நமக்கு நாகர்கோவில். பிள்ளைகளே பார்த்துக்கலைன்னா, 2007 பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி ஆர்டிஓ தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். குலசேகரத்துக்காரங்களுக்கு அது பத்மநாபபுரம் கோட்டம்.

அம்மாச்சி இப்போ எங்கே?

அதே இல்லத்துலதான். வேற இடம் தேடினோம், எல்லா இடத்துலயும் ராத்திரிக் கணக்கு கிட்டத்தட்ட இதேதான். அதனால ஏழு குடும்பங்கள் சேர்ந்து நிர்வாகியைப் பார்த்தோம். சண்டை போடல, பேப்பர்ல கணக்கு போட்டுக் காட்டினேன். ராத்திரிக்கு இன்னொரு ஆள்னா 12 மணி நேரம், 7 நாள், 84 மணி நேரம். ரெண்டு பேர் வேணும். தலைக்கு 14,000 சம்பளம்னா 28,000. 32 பேருக்குப் பிரிச்சா ஒருத்தருக்கு 875 ரூபாய்.

ரெண்டு மாசம் இழுத்தடிச்சு ஒத்துக்கிட்டாங்க. கட்டணம் 19,000 ஆச்சு. ஏத்திக் கட்ட முடியாத ரெண்டு குடும்பத்துக்கு மத்தவங்க பங்கு போட்டுக்கிட்டோம்.

என் ஓடிடி சந்தா எல்லாம் கூட்டினா மாசம் 875-க்கு மேல வரும். அந்தத் தொகை இல்லாமத்தான் அம்மாச்சி நாலு மாசம் தாகத்தோட படுத்திருக்காங்க. நானும் அந்த நாலு மாசத்துல ஒரு தடவைதான் நேர்ல போய்ப் பார்த்தேன், அதுவும் மத்தியானம் 12 மணிக்கு.

இப்போ தினமும் காலையில போன் பண்றேன். "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்குறதுக்கு முன்னாடி, "அம்மாச்சி, ராத்திரி வெள்ளம் குடிச்சீங்களா?"ன்னு கேட்குறேன்.

உங்க வீட்டுல யாராவது இல்லத்துல இருந்தா, இந்த வாரம் ராத்திரி ஆள் கணக்கைக் கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல பெற்றோருக்கான ஹெல்த் பாலிசி பற்றிப் பேசலாம்.