தீபாவளித் தவணை பயிர்க்கடனைத் தடுக்குமா?

சம்பா நடவுக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிற காலமும், தீபாவளிக்குத் துணிமணி, டி.வி., கைபேசி வாங்குகிற காலமும் நம் டெல்டாவில் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. கேள்வி-பதில் பகுதிக்கு வந்த ஒரு கடிதத்தில், ‘நான் வாங்காத கைபேசிக்குத் தவணை பாக்கி என்று சொல்லி, பயிர்க்கடன் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

‘வட்டியில்லாத் தவணை’ என்று கடையில் சொன்னாலும், அது ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன்தான். ஆதார், பான், புகைப்படம், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் ஆகியவற்றை வைத்து நிமிடங்களில் கடன் பதிவாகிவிடும். அந்த விவரம் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கும் போய்விடும். பயிர்க்கடன் கேட்கும்போது வங்கி மேலாளர் பார்ப்பது அதைத்தான். மச்சானுக்காக, மருமகனுக்காக உங்கள் பெயரில் எடுத்துக்கொடுத்த தவணைக்கும் இதே கதிதான். உறவை முறிக்கச் சொல்லவில்லை. தவணை ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று மாதாமாதம் கேளுங்கள்.

கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவிகித வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவிகிதம் சலுகை போக 4 சதவிகிதம்தான். அந்தக் கதவு மூடினால் வெளியில் நூற்றுக்கு மூன்று வட்டி. ஆண்டுக்கு 36 சதவிகிதம். நெல் விலையில் இது கட்டுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதனால் ஆதார் நகல் கொடுக்கும்போது, அதன்மேல் எந்தக் கடைக்கு, எதற்காக என்று எழுதி, தேதியுடன் குறுக்கே கையெழுத்துப் போடுங்கள். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும்படியான ஆதாரையும் ஆதார் இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு அதிகக் கவலை கைரேகையைப் பற்றித்தான். உரக்கடையில் யூரியா வாங்க விரல் வைக்கிறோம், ரேஷன் கடையில் வைக்கிறோம். எந்த இயந்திரத்தை நீட்டினாலும் விரல் வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆனால், ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் தெரிந்தால், கைரேகையை வைத்தே கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வசதி இருக்கிறது, அதற்கு ஓ.டி.பி.யோ, ரகசிய எண்ணோ தேவையில்லை. பண்டிகை நேரத்தில் தெருவோரக் குடை நிழலில் சிம் கார்டு விற்பவர், ‘ரேகை சரியாக விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்’ என்றால், ஏன் என்று கேளுங்கள். எம்-ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். ரேஷனுக்கோ உரத்துக்கோ போகும் நாளில் திறந்துகொண்டால் போதும். செயலி தெரியாவிட்டால், வீட்டில் படிக்கும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள்.

கைபேசியில் வருபவை தெரிந்தவைதான். பி.எம்.கிசான் தவணை என்றோ, பண்டிகைப் பரிசு என்றோ வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பைத் தொடவேண்டாம். பணம் கொடுக்கத்தான் யு.பி.ஐ. ரகசிய எண் தேவை, வாங்குவதற்குத் தேவையில்லை.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். முதலில் அதை வாங்கி, அந்தத் தவணை எந்த நிதி நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ‘இது என் கடன் இல்லை’ என்று அந்த நிறுவனத்துக்கும், கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். 30 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க ரிசர்வ் வங்கி விதியில் இடம் உண்டு. உங்கள் நகலைப் பயன்படுத்திக் கடன் வாங்கியிருப்பதால், காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். அந்த ரசீதின் நகலை வங்கி மேலாளரிடம் கொடுத்து, பயிர்க்கடன் மனுவைத் தள்ளாமல் நிறுத்திவைக்கக் கேளுங்கள்.

கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அன்றே பேசி, வங்கிக்கும் தெரிவியுங்கள். உங்கள் கவனக்குறைவு இல்லாமல் வெளியார் எடுத்த பணமாக இருந்து, 3 வேலை நாளுக்குள் வங்கியில் புகார் கொடுத்தால், இழப்பு உங்களைச் சேராது என்பது ரிசர்வ் வங்கி 2017-ல் வகுத்த விதி. தீபாவளி விடுமுறை கழியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1930 விடுமுறை நாளிலும் இயங்கும்.