ஒரே பானையில் யவன விருந்து

இரவு மணி எட்டு. மும்பையிலிருந்து புறப்பட்ட மின்சார ரயில் அம்பர்நாத் நிலையத்தில் நின்று, களைத்த மனிதர்களை இறக்கிவிட்டுச் செல்கின்றது. சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து இவ்வூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்; பயணம் ஒன்றரை மணி நேரம். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் சிலர், வாடகையின் குறைவு கருதி இங்கே குடியேறியிருக்கின்றனர். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில், கதவைத் திறந்தவுடன் எழுகின்ற முதற் கேள்வி ஒன்றே: இன்றிரவு என்ன சமைப்பது?

நம் வழக்கமான சாப்பாடு இனியதுதான். ஆனால் அது நான்கு பாத்திரங்களைக் கேட்பது. சோறு ஒன்றில், குழம்பு ஒன்றில், இரசம் ஒன்றில், பொரியல் ஒன்றில். இரண்டு அடுப்புகளே உள்ள சிறு சமையலறையில் இவை ஒன்றன்பின் ஒன்றாக முடிய வேண்டும். பின்னர்ப் பரிமாற வேண்டும். எல்லாரும் உண்டு எழுந்த பிறகு, சமைத்தவர் ஆறிப்போன சோற்றைத் தனியே அமர்ந்து உண்பார். இது பல வீடுகளில் நாள்தோறும் நிகழ்வதாதலின், நாம் இதனை ஒரு குறையாக எண்ணுவதும் இல்லை. வாரத்தில் ஓரிரு நாளாவது இதனை மாற்ற இயலுமா என்று ஆராய்ந்தபோது நமக்குத் துணையாகக் கிடைத்தது, கிரேக்க நாட்டுக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை உணவு ஒன்று. கோழியையும் கோதுமைப் பாஸ்தாவையும் ஒரே பாத்திரத்தில் வேகவைப்பது அதன் முறை.

இவ்வுணவைக் கிரேக்கர் ‘யூவெட்சி’ என்று அழைக்கின்றனர். மட்பாண்டத்தைக் குறிக்கும் துருக்கிச் சொல் ஒன்றிலிருந்து பிறந்த பெயர் இது. நாம் ‘சட்டிச்சோறு’ என்பதுபோல், கலத்தின் பெயரே உணவுக்கு ஆயிற்று. இதில் இடும் பாஸ்தா அரிசி மணியின் வடிவத்தில் இருக்கும். அதற்குக் ‘கிரித்தராக்கி’ என்று பெயர். ‘சிறு வாற்கோதுமை’ என்பது பொருள். வாற்கோதுமை மணிபோல் தோன்றுவதால் அப்பெயர் பெற்றதேயன்றி, செய்யப்படுவது கோதுமையினால்தான். முற்காலத்தில் கிரேக்க வீடுகள் பலவற்றில் பெரிய அடுமனை அடுப்பு கிடையாது. ஞாயிறன்று தேவாலயத்திற்குச் செல்லும் வழியில், இல்லத்தரசி கோழியும் தக்காளியும் இட்ட கலத்தைத் தெருமுனை ரொட்டிக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிடுவாள். வழிபாடு முடிந்து திரும்பும்போது உணவு வெந்திருக்கும். எடுத்துச் சென்று எல்லாருடனும் அமர்ந்து உண்பாள். அடுப்பில்லாத குறையே அவளுக்கு ஓய்வைத் தந்தது எனலாம்.

கிரேக்கருக்கும் நமக்கும் என்ன உறவு என்று ஐயுறுவோர் இருக்கலாம். அம்பர்நாத்திலிருந்து மும்பை நோக்கிச் செல்லும்போது மூன்றாவதாக வரும் நிலையம் கல்யாண். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூல், இத்துறைமுகத்தைக் ‘கல்லியேனா’ என்று குறிப்பிடுகின்றது. அதே நூல் தெற்கே முசிறியையும் கூறுகின்றது. யவனர் கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி நம் அகநானூற்றிலும் உண்டு. அம்பர்நாத்தில் கி.பி. 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டுடன் விளங்கும் சிவாலயம் எழும்புவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, யவன மாலுமிகள் இக்கரையை அறிந்திருந்தனர்.

இன்னொரு செய்தி நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் வந்தோர்க்கு உரியது. 1923-ஆம் ஆண்டு லொசான் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, கிரேக்கத்திற்கும் துருக்கிக்கும் இடையே மக்கள் பரிமாற்றம் நிகழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் போரினால் ஓடிவந்தோரையும் சேர்த்து, சின்ன ஆசியாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கிரேக்கர் பன்னிரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உடைமைகளை விட்டு அகதிகளாகக் கிரேக்கம் வந்து சேர்ந்தனர். வீட்டை இழந்த அவர்கள் சமையலை இழக்கவில்லை. இலவங்கப்பட்டையும் சீரகமும் மணக்கும் அவர்தம் கைப்பக்குவம் கிரேக்க நாட்டுச் சமையலை வளப்படுத்தியது. யூவெட்சிக் கோழியில் இன்று மணக்கும் பட்டைத் துண்டைக் காணும்போது, இது நமக்கு முற்றிலும் அந்நியமான உணவன்று என்பது விளங்கும். அதில் சேரும் தக்காளியோ, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. அவர்களுக்கும் விருந்தாளி, நமக்கும் விருந்தாளி.

இனி, இச்சமையலின் அடிப்படை என்ன என்று பார்ப்போம். நம் அன்றாடச் சோற்றை இருவகையாகச் சமைக்கின்றோம். மிகுந்த நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிடுவது ஒருவகை. அளந்த நீரில் வேகவைத்து, நீர் முழுவதையும் அரிசியே உண்ணும்படி செய்வது மற்றொரு வகை; பொங்கலும் பிரியாணியும் இவ்வகையின. வடித்த கஞ்சியைக் கொட்டினால், தயமின் முதலிய உயிர்ச்சத்துகளில் ஒரு பகுதியும் அதனோடு போய்விடும். பாஸ்தாவையும் பெரும்பாலோர் முதல்வகையிலேயே சமைக்கின்றனர். யூவெட்சி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இதில் வடிப்பதே இல்லை. கோழியிலிருந்து இறங்கிய சாறும் தக்காளியின் சாறும் கலந்த நீரைப் பாஸ்தா உறிஞ்சிக்கொள்கின்றது. அதன் மேற்புறத்து மாவுச்சத்து சிறிது கரைந்து, அந்தச் சாற்றைக் குழம்புபோல் கெட்டியாக்குகின்றது. எலும்பையும் தோலையும் ஒட்டிய சவ்வு மெல்லக் கரைந்து பசைத்தன்மை தருகின்றது. ஆகவே குழம்பு தனியே வேண்டுவதில்லை.

நால்வருக்குத் தேவையான பொருள்கள் இவை: எலும்புடன் கூடிய கோழித் துண்டங்கள் முக்கால் கிலோ, பாஸ்தா கால் கிலோ, நடுத்தரமான வெங்காயம் இரண்டு, பழுத்த தக்காளி நான்கு, பூண்டு ஆறு பல், விரல் நீளப் பட்டை ஒன்று, பிரிஞ்சி இலை ஒன்று, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, எலுமிச்சம்பழம் ஒன்று, உப்பு வேண்டிய அளவு, வெந்நீர் முக்கால் லிட்டர்.

அரிசி வடிவப் பாஸ்தா கிடைக்காவிடில், சிறிய மக்ரோனி போதும். பையின் மீது ‘துரம்’ கோதுமை ரவையினால் செய்தது என்று அச்சிட்டிருக்கின்றதா என்று பார்த்து வாங்க வேண்டும். துரம் என்பது கடினமான கோதுமை. மகாராஷ்டிரத்துக் கடைகளில் ‘பன்சி ரவை’ என்று விற்கப்படுவது இவ்வினத்தைச் சேர்ந்ததே. இக்கோதுமையின் புரதம் வலைபோல் நின்று மாவுச்சத்தைப் பிடித்துக்கொள்வதால், கொதிக்கும் சாற்றில் பாஸ்தா எளிதில் குழைவதில்லை. சேமியாவும் பயன்படும்; ஆனால் அதனை எண்ணெயில் சிவக்க வறுத்து, நீரைக் குறைத்து, ஐந்து நிமிடத்திற்குமேல் வேகவிடாமல் இறக்க வேண்டும்.

கிரேக்கர் ஒலிவ எண்ணெய் ஊற்றுவர். நமக்குக் கடலை எண்ணெய் நன்றாகவே பொருந்துகின்றது. அவர்கள் தூவும் ‘ஒரிகானோ’ என்னும் மூலிகைக்கு நறுமணம் தருபவை கார்வக்ரோல், தைமால் என்னும் பொருள்கள். இவை நம் கற்பூரவல்லியிலும் உண்டு. மராத்தியர் அதனை ‘ஓவ்யாசே பான்’, அதாவது ஓம இலை, என்று சொல்வது மிகப் பொருத்தமே. ஓமத்தின் மணமும் தைமாலினால் வருவதுதான். சன்னலோரத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியின் மூன்று இலைகளை நறுக்கிச் சேர்த்தால் போதும். அதிகமானால் மருந்து வாடை வீசும். கிரேக்கர் மேலே தூவும் உப்புப் பாலாடைக் கட்டிக்கு மாற்றாக, பால் பண்ணைக் கடைகளில் ஸ்ரீகண்டிற்காக விற்கும் ‘சக்கா’வை, சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து வாங்கலாம். அது நீர் வடித்த கட்டித்தயிரேயன்றி வேறில்லை. கிரேக்கர் பெரிதும் விரும்பும் தயிரும் இவ்வகையினதே.

கலத்தைப் பற்றியும் ஒரு சொல். தாராவியின் கும்பார்வாடாவில், குஜராத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் மரபினர் வனையும் மண்சட்டிகள் கிடைக்கின்றன. மண்சட்டியைப் பழக்கி, மெல்லிய தீயில் வைத்துச் சமைக்கத் தெரிந்தோர் அதனைக் கையாளலாம். மற்றையோர்க்கு அடிகனமான, மூடியுள்ள அகன்ற பாத்திரமே தக்கது. அழுத்தக் குக்கர் இதற்கு வேண்டாம். பாஸ்தா நுரைத்துப் பொங்கும் இயல்புடையது; அந்நுரை ஆவித் துளையை அடைத்துவிட்டால் ஆபத்து. மூடிக்குள் வேகும் பதத்தைப் பார்க்கவும் இயலாது.

செய்முறை எளிது. கடைக்காரர் துண்டமாக்கிக் கொடுத்த கோழியைக் குழாயடியில் பலமாகக் கழுவினால், தெறிக்கும் நீர்த்துளிகள் வாயிலாகக் கிருமிகள் பக்கத்துப் பாத்திரங்களுக்கும் பரவும். ஈரத்தைத் தாளினால் ஒற்றியெடுத்து, உப்பும் மிளகும் தடவி வைக்க வேண்டும். பின்னர்க் கைகளைச் சோப்பினால் கழுவுதல் அவசியம்.

எண்ணெய் காய்ந்ததும், துண்டங்களை நெருக்காமல் பரப்பி, இருபுறமும் பொன்னிறமாகும்வரை எட்டு நிமிடம் வறுத்து எடுக்கவும். இந்தச் சிவப்பே சுவையின் மூலம். அவசரப்பட்டு நீர் ஊற்றினால் அது கிட்டாது. அதே எண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, பட்டையும் பிரிஞ்சி இலையும் இட்டு, அரைத்த தக்காளியை ஊற்றிப் பச்சை வாடை போகக் கிளறவும். அடியில் பிடித்த பழுப்பையெல்லாம் கரண்டியால் சுரண்டி விடவும். கோழியைத் திரும்ப இட்டு, வெந்நீரில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றி, மூடி, சிறு தீயில் பதினைந்து நிமிடம் வைக்கவும். இந்தப் பதினைந்து நிமிடம் நமக்கு உரியது. குழந்தையின் பாடத்தைக் கேட்கலாம். கால் நீட்டி அமரலாம்.

அதன்பின் பாஸ்தாவையும் கற்பூரவல்லியையும் சேர்த்து, எஞ்சிய வெந்நீரை ஊற்றி, உப்புப் பார்த்துக் கிளறவும். நீர் வெந்நீராகவே இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கிப் பாஸ்தா ஊறிக் களியாகும். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை அடியிலிருந்து கிளறிவரின், பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் வெந்துவிடும். கடித்துப் பார்த்தால் நடுவில் இம்மியளவு உறுதி இருக்கும்போதே அடுப்பை அணைக்க வேண்டும். எலும்போரத்தில் குத்திப் பார்த்தால் வரும் சாறு தெளிந்திருத்தல் வேண்டும். வெப்பமானி உள்ளோர், தசையின் உட்புறம் 74 பாகை செல்சியஸை எட்டியதா என்று அளந்தறியலாம். மூடி ஐந்து நிமிடம் விட்டு, எலுமிச்சைச் சாறு பிழிந்து, ஆளுக்கொரு கரண்டி சக்காவுடன் பரிமாறலாம்.

முதன்முறை நாம் இதனைச் செய்தபோது, ‘இன்னும் சாறு இருக்கின்றதே’ என்று எண்ணி, அது வற்றும்வரை அடுப்பில் வைத்திருந்தோம். மேசைக்கு வந்தது கூழ்தான். அணைத்த பின்னும் பாஸ்தா சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதை அன்று கற்றோம். இறக்கும்போது சற்று நெகிழ்ந்திருந்தால், உண்ணும்போது சரியாக இருக்கும். நம் பொங்கலுக்கும் இதே விதிதானே!

புலால் உண்ணாதோர், முன்னரே வேகவைத்த கொண்டைக்கடலையைக் கோழிக்கு மாற்றாக இடலாம். காய்கறி வேகவைத்த நீரை ஊற்றினால் சாறு சுவைக்கும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் சிறிது வெந்நீர் தெளித்து நன்றாகச் சூடாக்கி உண்ணலாம்.

வறுக்கத் தொடங்கியதிலிருந்து பரிமாறும்வரை ஏறக்குறைய ஐம்பது நிமிடம். எரிவது ஓர் அடுப்பு. கழுவ வேண்டியது ஒரு பாத்திரமும் உண்ட தட்டுகளும். இச்சிக்கனம் பெரிதுதான். ஆயினும் இதனினும் பெரிது ஒன்று உண்டு. பாத்திரத்தை நடுவில் வைத்துவிட்டால், பரிமாறுவதற்கென்று எவரும் நிற்க வேண்டியதில்லை. தோசைபோல் ஒவ்வொன்றாக வார்த்துக் கொடுக்க வேண்டியதும் இல்லை. சமைத்தவரும் மற்றவரோடு அமர்ந்து, சூடு ஆறாமுன் உண்ணலாம். செய்முறை எளிதாதலின், சமைப்பவர் எப்போதும் தாயாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முதலில் வீடு திரும்பிய தந்தை தொடங்கிவைக்கலாம், மகனோ மகளோ கிளறலாம்.

நம் குழம்பையும் இரசத்தையும் கைவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவை ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும் ஓய்ந்த நாளுக்கும் இருக்கட்டும். ரயிலில் நின்றுகொண்டே வந்து சேரும் இரவுகளில், ஓர் இரவேனும் பானை ஒன்றாகவும் பந்தி ஒன்றாகவும் அமையட்டும். பிறந்த ஊரைவிட்டு வந்து வாழ்வோர்க்கு, வீடு என்பது எல்லாரும் ஒருங்கே அமர்ந்து உண்ணும் அந்த அரைமணி நேரந்தானே!