காசிமேட்டிலிருந்து மெரினா அலைக்கு... வீல்சேர் போகுமா?

காசிமேட்டுக்காரருக்குக் கடல் வாசலில்தான். ஆனால் வீல்சேரில் இருப்பவர் அலையில் கால் நனைக்கணும்னா? மீன்பிடித் துறைமுகமும் கல் தடுப்பும் குறுக்கே நிற்கின்றன. மெரினாவுக்குத்தான் போகணும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் வரை லிஃப்ட் இருக்கு. அப்புறம் ஆட்டோ, மடக்குற வீல்சேர் என்றால் பிழைத்தது.

மணலில் சக்கரம் புதையும். முன்பெல்லாம் டிசம்பரில் சில நாள் தற்காலிகப் பாதை போடுவதோடு சரி. 2022 நவம்பர் 27-ல்தான் 1.14 கோடி ரூபாயில் 263 மீட்டர் நிரந்தர மரப்பாதை திறந்தாங்க. இரண்டே வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் கடலோர முனையை உடைத்தது! பிறகு சரிசெய்தார்கள். பாதை முடிகிற இடத்துக்கு அலை வருமா என்பது அன்றன்றைய கடலைப் பொறுத்தது.