கோன் ஃபில்டர் மாட்டினதும் கார் ஆஃப் ஆகுதா? செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிட்டு கோன் ஃபில்டர் மாட்டியிருக்கீங்க. சவுண்டு சூப்பர். ஆனா சிக்னல்ல நின்னா ஆர்பிஎம் ஏறி இறங்குது, சில நேரம் இன்ஜினே ஆஃப் ஆகுது. மெக்கானிக் "த்ராட்டில் பாடி மாத்தணும்"னு சொன்னா உடனே பர்ஸைத் திறக்காதீங்க.

மாஃப் சென்சார் இருக்கிற கார்ல, உள்ளே போற காற்றை அதுதான் அளக்குது. அந்தக் கணக்கை வச்சுத்தான் இசியூ பெட்ரோல் விடுது. சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல ஹோஸ் கிளாம்ப் லூசா இருந்தா, கணக்கில் வராத காற்று நுழையும், பெட்ரோல் பத்தாது. அதனால முதல்ல கிளாம்ப், அப்புறம் கழற்றி மாட்டின வேக்குவம் குழாய்கள். இதுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

அடுத்து ஓபிடி ஸ்கேனர்ல ஃபியூயல் ட்ரிம் பாருங்க. ஐடில்ல +20% மாதிரி காட்டி, 2,500 ஆர்பிஎம்ல பூஜ்யம் பக்கம் வந்தா காற்றுக் கசிவுன்னு சந்தேகப்படலாம். எண்ணெய் போடுற ஃபில்டரா? அதிகமா போட்டிருந்தா சென்சார் கம்பியில எண்ணெய் படிஞ்சிருக்கலாம். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு மாஃப் கிளீனர் அடிங்க, நல்லா காய விட்டு மாட்டுங்க. கார்புரேட்டர் கிளீனர் மட்டும் வேண்டவே வேண்டாம், சென்சாரே போயிடும்.

அப்பவும் சரியாகலையா? பழைய பாக்ஸையே மாட்டி ஓட்டிப் பாருங்க. பிரச்சனை நின்னுடுச்சுன்னா த்ராட்டில் பாடி செலவு மிச்சம். அதுக்குத்தான் அந்த பாக்ஸை ஓஎல்எக்ஸ்ல வித்துடாதீங்கன்னு சொல்றேன்!