இறால் ஓட்டில் ஒரு மருந்து வாகனம்

மண்டபம், ராமேஸ்வரம் கரையில் இறால் உரித்ததும் ஓட்டைக் குப்பையில் தள்ளிவிடுகிறோம். அந்த ஓட்டிலிருந்துதான் கைட்டோசான் என்ற பொருளை எடுக்கிறார்கள். வைரஸின் மரபணுவை வாயடைக்கும் ஆர்.என்.ஏ. மருந்தைச் சுமந்து செல்ல இது உதவுகிறது.

ஆர்.என்.ஏ. தனியாகப் போனால் குடலிலேயே சிதைந்துவிடும். ஆர்.என்.ஏ.வுக்கு எதிர் மின்னூட்டம், கைட்டோசானுக்கு நேர் மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்கே தெரியாத நானோ துகளாகின்றன.

மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்கள், பண்ணைகளையே காலிசெய்யும் வெண்புள்ளி வைரஸுக்கு எதிராக இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். வி.பி.28 என்ற வைரஸ் மரபணுவைக் குறிவைக்கும் ஆர்.என்.ஏ.வைத் துகளாக்கி, தீவனத்தில் பூசி, இறாலுக்குக் கொடுத்தார்கள். பிறகு வைரஸைத் தொற்றவைத்தபோது, மருந்து பெறாத இறால்கள் அனைத்தும் மடிந்தன. துகள் உண்டவற்றில் 37 சதவீதம் பிழைத்தன. அதே ஆர்.என்.ஏ.வைச் செயலிழக்கச் செய்த பாக்டீரியாவில் வைத்துக் கொடுத்தபோதோ 68 சதவீதம். ஆக, துகள் இன்னும் தேற வேண்டும். மனிதருக்கோ, கொழுப்புத் துகளில் பொதிந்த பட்டிசிரான் என்ற ஆர்.என்.ஏ. மருந்து 2018-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது.

பண்ணைக்காரர்களே, வெண்புள்ளி நோய்க்குக் கைகண்ட மருந்து இன்னும் இல்லை. இறால் குஞ்சு வாங்கும்போது, வைரஸ் இல்லை என்ற பி.சி.ஆர். சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.